பதிலீடும் கலப்பும்: கெராங் ஓட்டிலிருந்து எலும்புத் தாதுத் தூள் - ஓர் அறிமுகம்

முன்னுரை

கோல சிலாங்கூர் வட்டாரத்தை அறிந்தோர்க்கு அதன் இரு முகங்களும் தெரியும். ஒன்று, பெஸ்தாரி ஜெயா, புக்கிட் ரோத்தான், தஞ்சோங் காராங் எனத் தொடங்கிச் சபாக் பெர்ணம் வரை வடக்கு நோக்கி விரியும் தோட்டப்புறம். இந்நாட்டில் வணிக முறையில் செம்பனை முதன்முதலாக 1917ஆம் ஆண்டு பயிரிடப்பட்ட தென்னமரம் தோட்டம் இவ்வட்டாரத்தைச் சேர்ந்ததே. பெயரிலேயே தமிழைத் தாங்கி நிற்கும் தோட்டம் அது. மற்றொன்று, பாசீர் பெனாம்பாங், ஜெராம் முதலிய கரையோர மீனவக் குடியிருப்புகள். அங்குள்ள சேற்று நிலங்களில் கெராங் எனப்படும் இரத்தச்சிப்பி நெடுங்காலமாக வளர்க்கப்பட்டு வந்துள்ளது. சதை உணவாகிறது, ஓடு குவியலாகிக் கிடக்கிறது.

இவ்வோடு என்ன பொருள் என்பதைத் தோட்டப்புறத்து முதியோர்க்குச் சொல்லித்தர வேண்டியதில்லை. வெற்றிலைக்குத் தடவும் சுண்ணாம்பு, கிளிஞ்சலைச் சூளையில் சுட்டு, நீர் தெளித்து நீற்றிப் பெறப்படுவதே. அதே சுண்ணாம்பிலிருந்து, மனித எலும்பின் தாதுவை ஒத்த கால்சியம் பாஸ்பேட் தூளை ஆய்வகங்கள் செய்கின்றன. எலும்பு முறிந்தோ, கட்டி அகற்றப்பட்டோ, பல் பிடுங்கப்பட்டோ உண்டாகும் வெற்றிடத்தை நிரப்ப இத்தூள் பயன்படுகிறது.

அத்தகைய தூளை ஆக்குவது, அதனுள் பிற தாதுக்களை இடம்பெறச் செய்வது, அவை உண்மையாகவே இடம்பெற்றனவா என உறுதிசெய்வது ஆகிய மூன்றையும் விளக்குவது இக்கட்டுரையின் நோக்கமாகும். இவற்றுள் மூன்றாவதே பெரிதும் புறக்கணிக்கப்படுவது; ஆதலின் அதற்கே இவண் மிகுதியான இடம் அளிக்கப்படுகிறது.

இந்தியவியல் துறையின் இதழில் இப்பொருள் இடம்பெறுவதற்குக் காரணம் உண்டு. மலேசியத் தமிழ்ப்பள்ளிகளில் 2003ஆம் ஆண்டு அறிவியலும் கணிதமும் ஆங்கிலத்திற்கு மாற்றப்பட்டன. அக்கொள்கையைக் கைவிடும் முடிவு 2009இல் அறிவிக்கப்பட்டு, 2012 முதல் படிப்படியாக நடைமுறைக்கு வந்தது. 2016இல் இருமொழிப் பாடத்திட்டம் தொடங்கப்பட்டபோது அதே விவாதம் மீண்டும் எழுந்தது. தமிழில் உயர் அறிவியலைச் சொல்ல இயலுமா என்னும் வினாவுக்கு, ஒரு பொருளை எடுத்துத் தொடக்கம் முதல் இறுதிவரை தமிழில் விளக்கிக் காட்டுவதே ஏற்ற விடையாக அமையும்.

1. எலும்பின் தாது

உலர்ந்த எலும்பின் எடையில் ஏறத்தாழ மூன்றில் இரு பங்கு தாதுப்பொருள். எஞ்சியதில் பெரும்பகுதி கொலாஜன் என்னும் புரத இழை. அத்தாது அபடைட் எனும் கனிமக் குடும்பத்தைச் சார்ந்தது என்பதை 1926இல் டி யோங் என்பார் எக்ஸ் கதிர் ஆய்வின்வழிக் காட்டினார். அபடைட் என்னும் பெயரை 1786இல் இட்டவர் வெர்னர் என்னும் செருமானியக் கனிமவியலார். கிரேக்க மொழியில் ‘ஏமாற்றுதல்’ என்னும் பொருளுடைய வினையடியிலிருந்து அப்பெயர் பிறந்தது. வேறு பல கற்களைப் போலத் தோற்றம் காட்டி அறிஞர்களை அது மயக்கியதே காரணம். அம்மயக்கம் இன்றைய ஆய்வகங்களிலும் தொடர்கிறது என்பதைப் பின்னர்க் காண்போம்.

எலும்புத் தாதுவுக்கு மிக நெருங்கிய தூய சேர்மம் ஹைட்ராக்சி அபடைட் ஆகும். அதன் அடிப்படைக் கூறு ஒன்றில் 10 கால்சியம் அயனிகள், 6 பாஸ்பேட் அயனிகள், 2 ஹைட்ராக்சில் அயனிகள் உள்ளன. ஆகவே கால்சியத்துக்கும் பாஸ்பரசுக்கும் உள்ள அணு விகிதம் 10க்கு 6, அதாவது 1.67. இவ்வயனிகள் அறுகோண ஒழுங்கில் அடுக்கப்பட்டுப் படிகக்கூடு அமைகிறது. அக்கூட்டின் அடிப்பக்க நீளம் ஏறத்தாழ 9.42 ஆங்ஸ்ட்ராம், உயரம் ஏறத்தாழ 6.88 ஆங்ஸ்ட்ராம். ஓர் ஆங்ஸ்ட்ராம் என்பது ஒரு மில்லிமீட்டரின் கோடியில் ஒரு பங்கு.

எனினும் உயிருள்ள எலும்பில் இச்சேர்மம் தூயதாக இருப்பதில்லை. எலும்புத் தாதுவின் எடையில் சுமார் 7 விழுக்காடு கார்பனேட்டும், 1 விழுக்காட்டுக்குச் சற்றே குறைவான சோடியமும், சுமார் 0.7 விழுக்காடு மெக்னீசியமும், மிகச் சிறிதளவு பொட்டாசியம், ஃபுளோரைடு, துத்தநாகம், ஸ்ட்ரான்சியம், சிலிக்கன் முதலியனவும் உள்ளன. இவை மாசுகள் அல்ல. கார்பனேட் இருப்பதால் எலும்புத் தாது எளிதில் கரைந்து புதுப்பிக்கப்படுகிறது; ஃபுளோரைடு சேர்வதால் பல்லின் எனாமல் அமிலத்தைத் தாங்குகிறது. குடிநீரில் ஃபுளோரைடு சேர்க்கும் திட்டத்தை மலேசியா 1972இல் நாடு தழுவிய கொள்கையாக ஏற்றதன் அடிப்படை இதுவே. அதே ஃபுளோரைடு நிலத்தடி நீரில் அளவு மீறியிருக்கும் தருமபுரி போன்ற தமிழக மாவட்டங்களில் பற்களில் கறையும் எலும்பில் இறுக்கமும் உண்டாவதையும் நாம் அறிவோம். அளவே மருந்து, அளவே நோய்.

ஆகவே எலும்பை நிரப்பும் தூள் எலும்பைப் போலவே இயங்கவேண்டுமாயின், தூய ஹைட்ராக்சி அபடைட்டை ஆக்குவது மட்டும் போதாது. அதனுள் உரிய தாதுவை உரிய அளவில் உரிய இடத்தில் அமர்த்தவேண்டும். இதனையே ‘தாதுப் பதிலீடு’ என இக்கட்டுரை குறிக்கிறது.

2. தோன்றல், திரிதல், கெடுதல்

பதிலீடு என்பதைத் தமிழாசிரியர்கள் புணர்ச்சி இலக்கணத்தின் துணைகொண்டு எளிதில் உணரலாம். நன்னூலார் கூறும் விகாரங்கள் மூன்று. ‘பொன்’னும் ‘குட’மும் புணர்ந்து ‘பொற்குடம்’ ஆகும்போது ஓரெழுத்தின் இடத்தில் வேறோர் எழுத்து வந்து அமர்கிறது, இது திரிதல். ‘வாழைப்பழம்’ என்பதில் புதிதாய் ஒற்றெழுத்து வருகிறது, இது தோன்றல். ‘மரவேர்’ என்பதில் மகரம் மறைகிறது, இது கெடுதல்.

படிகக்கூட்டிலும் இவை மூன்றும் நிகழ்கின்றன. கால்சியம் இருக்கவேண்டிய இடத்தில் ஸ்ட்ரான்சியம் அமர்வது திரிதலை ஒத்தது. இருவரும் இரண்டு நேர்மின்னேற்றம் உடையவர்களாதலால் வேறு மாற்றம் தேவைப்படுவதில்லை. பாஸ்பேட்டின் இடத்தில் சிலிக்கேட் அமரும்போது நிலைமை வேறு. பாஸ்பேட்டுக்கு மூன்று எதிர்மின்னேற்றம், சிலிக்கேட்டுக்கு நான்கு. கூடுதலான ஒன்றை ஈடுசெய்ய அருகிலுள்ள ஹைட்ராக்சில் ஒன்று வெளியேறி அவ்விடம் வெறுமையாகிறது. ஒரு திரிதல் ஒரு கெடுதலை வேண்டி நிற்கிறது. ‘மரக்கிளை’ என்னும் ஒரே சொல்லில் மகரம் கெட்டு ககரம் தோன்றுவதைப் போல, பாஸ்பேட்டின் இடத்தில் கார்பனேட் அமரும்போதும் இரு மாற்றங்கள் ஒருங்கே நிகழ்கின்றன: கார்பனேட்டின் மின்னேற்றக் குறைவை ஈடுசெய்யக் கால்சியத்தின் இடத்தில் சோடியம் வருகிறது.

கலப்பு என்பதோ இரு சொற்களை ஒரே தாளில் எழுதிவைப்பது போன்றது. அவை அருகருகே உள்ளன, புணரவில்லை. ஸ்ட்ரான்சியம் கார்பனேட் துகள் ஒன்று அபடைட் துகளின் அருகே கிடந்தால், அத்தூளில் ஸ்ட்ரான்சியம் உண்டு. ஆனால் பதிலீடு இல்லை. உடலினுள் இவ்விரண்டும் வெவ்வேறாக நடந்துகொள்ளும். கூட்டினுள் அமர்ந்த தாது, எலும்பு வளர வளரக் கூட்டோடு சிறிது சிறிதாகக் கரைந்து வெளிவரும். வெளியே ஒட்டிக் கிடக்கும் தாதுவின் கரைதல் அத்தகைய கட்டுப்பாட்டில் நில்லாது. துத்தநாகம் போன்ற தாது சிறிதளவில் எலும்புச் செல்லுக்குத் துணைசெய்யும். ஒருங்கே மிகுந்தால் அதே செல்லைக் கொல்லும்.

3. ஓட்டிலிருந்து தூள்

கெராங் ஓட்டின் பெரும்பகுதி அரகனைட் என்னும் வடிவிலுள்ள கால்சியம் கார்பனேட். தீபகற்ப மலேசியாவின் மேற்குக் கரையில் எடுக்கப்பட்ட கெராங் ஓடுகளின் தாதுக் கூறுகளை ஆராய்ந்து, எலும்புச் சீரமைப்புக்கு அவை ஏற்றவையாகலாம் என மலேசிய ஆய்வாளர் குழு ஒன்று 2007இல் வெளியிட்ட கட்டுரை இத்துறையில் பலரைத் தூண்டியது. சோடியம், மெக்னீசியம் முதலியன ஓட்டில் இயல்பாகவே சிறிதளவு உள்ளன.

செய்முறை நான்கு படிகளாக அமையும். முதற்கண், ஓட்டைக் கழுவி, கொதிக்கவைத்து, சதையும் சேறும் போக்கி, உலர்த்தி இடித்துக்கொள்ளவேண்டும். இரண்டாவதாக, உலையில் 900 முதல் 1000 பாகை செல்சியஸ் வரை சில மணிநேரம் சுடவேண்டும். கரியமில வாயு வெளியேறிச் சுட்ட சுண்ணாம்பு எஞ்சும். தூய ஓடு 100 கிராம் எனில் 56 கிராம் எஞ்சவேண்டும். 60 கிராம் எஞ்சினால் சுடுதல் முடியவில்லை என்பது பொருள். இந்த எளிய எடைக்கணக்கே முதல் சோதனை. மூன்றாவதாக, நீர் சேர்த்து நீற்றினால் 56 கிராம் 74 கிராம் நீற்றிய சுண்ணாம்பாகும். இந்நிலை வரை நம் முன்னோர் சுண்ணாம்புச் சூளையில் செய்தவையே.

நான்காவது படியிலேதான் ஆய்வகம் தனிவழி செல்கிறது. நீற்றிய சுண்ணாம்பை மிகுந்த நீரில் கலக்கி, இடைவிடாது கடைந்துகொண்டே, பாஸ்பாரிக் அமிலத்தைச் சொட்டுச்சொட்டாக விடவேண்டும். 10 பங்கு சுண்ணாம்புக்கு 6 பங்கு அமிலம் என்பது மூலக்கூற்றுக் கணக்கு. கரைசலின் காரத்தன்மை 9 அல்லது 10 என்னும் அளவுக்குக் குறையாமல், தேவையாயின் அம்மோனியா சேர்த்துக் காக்கவேண்டும். வெண்மையான வீழ்படிவு தோன்றும். அதனை ஏறத்தாழ ஒரு நாள் அப்படியே முதிரவிட்டு, வடித்து, பலமுறை கழுவி, 100 பாகைக்குக் குறைவான வெப்பத்தில் உலர்த்தி, அரைத்துச் சலித்தால் தூள் கிடைக்கும். இழப்பேதும் இல்லையெனில், 1 கிலோ ஓட்டிலிருந்து ஏறத்தாழ 1 கிலோ ஹைட்ராக்சி அபடைட் பெறலாம். வெளியேறும் கரியமில வாயுவின் எடையைப் பாஸ்பேட் நிறைவு செய்துவிடுகிறது.

அமிலம் மிகுந்தாலும் காரத்தன்மை குன்றினாலும் கால்சியம் குறைந்த அபடைட் உண்டாகும். அதனைச் சுட்டால் டிரைகால்சியம் பாஸ்பேட் என்னும் வேறு சேர்மம் பிரியும். அமிலம் குறைந்தால் எதிர்வினை புரியாத சுண்ணாம்பு எஞ்சும். அது பின்னர் ஈரத்தை உறிஞ்சி விரிந்து, சுட்ட வார்ப்பையே பிளந்துவிடும். சுவருக்குப் பூசிய சுண்ணாம்பு நன்கு நீறாவிடில் பின்னர் வெடித்துக் குழிவிழுவதைக் கொத்தனார்கள் அறிவர், இதுவும் அத்தகையதே.

4. தாதுவை அமர்த்துதல்

கால்சியத்தில் 5 விழுக்காட்டை ஸ்ட்ரான்சியமாக மாற்றவேண்டும் எனக் கொள்வோம். 10 பங்கு கால்சியத்துக்கு மாற்றாக 9.5 பங்கு கால்சியமும் 0.5 பங்கு ஸ்ட்ரான்சியமும் எடுக்கவேண்டும். இரண்டையும் கூட்டி வரும் 10க்கு 6 பங்கு அமிலம் என்னும் விகிதம் மாறலாகாது. ஸ்ட்ரான்சியம் நைட்ரேட்டைக் கரைத்துச் சுண்ணாம்புக் கலவையோடு சேர்த்த பின்னரே அமிலம் விடவேண்டும்.

எத்தாது எவ்வளவு ஏறும் என்பதை அதன் பருமனும் மின்னேற்றமும் பெரிதும் தீர்மானிக்கின்றன. கால்சிய அயனியின் ஆரம் 1.00 ஆங்ஸ்ட்ராம், ஸ்ட்ரான்சியத்தின் ஆரம் 1.18, மெக்னீசியத்தின் ஆரம் 0.72, துத்தநாகத்தின் ஆரம் 0.74. ஸ்ட்ரான்சியம் சற்றே பெரிது. கூடு விரிந்து அதற்கு இடந்தரும்; முழுமையான பதிலீடும் இயலும். மெக்னீசியம் மிகச் சிறிது. கூடு அதனை ஓரளவே ஏற்கும். அதற்கு மேல் சேர்த்தால் படிகம் ஒழுங்காக வளராது. சுடும்போது டிரைகால்சியம் பாஸ்பேட்டாக மாறுவது எளிதாகும். சேர்த்த மெக்னீசியத்தில் ஒரு பகுதி துகளின் மேற்பரப்பிலேயே ஒட்டி நிற்பதும் உண்டு.

ஸ்ட்ரான்சியத்தின் மீது ஆய்வாளர் கவனம் திரும்பியதற்கு மருத்துவ வரலாறு ஒன்று உண்டு. எலும்பு மெலிவு நோய்க்கு ஸ்ட்ரான்சியம் ரனலேட் என்னும் வாய்வழி மருந்து 2004இல் ஐரோப்பாவில் ஒப்புதல் பெற்றது. இதயநோய் ஆபத்துக் காரணமாக 2014இல் அதன் பயன்பாடு கட்டுப்படுத்தப்பட்டது. 2017இல் உற்பத்தியாளரே அதனை நிறுத்தினர். முழு உடலுக்கும் கொடுக்கும் மருந்தாக அது பின்வாங்கியது. முறிந்த இடத்தில் மட்டும் சிறிதளவு வெளிவருமாறு நிரப்புத் தூளில் அமர்த்தலாமா என்னும் ஆய்வு தொடர்கிறது. எவ்வளவு, எத்துணை மெதுவாக என்பதே இங்குக் கேள்வி. கூட்டினுள் அமர்ந்ததா இல்லையா என்பது அறியாமல் இதற்கு விடை இல்லை.

5. மூன்று சாட்சிகள்

தூள் வெண்மையாக இருக்கிறது, ஸ்ட்ரான்சியம் சேர்த்தோம். பதிலீடு நிகழ்ந்தது என்று எவ்வாறு சொல்வது? ஒரு சாட்சி போதாது.

முதற்சாட்சி வேதியியற் பகுப்பாய்வு. தூளை அமிலத்தில் கரைத்து, பிளாஸ்மாச் சுடரில் செலுத்தி, ஒவ்வொரு தனிமமும் உமிழும் ஒளியை அளந்தால், மொத்தம் எவ்வளவு ஸ்ட்ரான்சியம் உள்ளது என்பது துல்லியமாகத் தெரியும். சேர்த்ததில் எவ்வளவு கழுவிய நீரோடு போயிற்று என்பதும் தெரியும். ஆனால் கரைத்த பின் இருப்பிடம் அழிந்துவிடுகிறது. கூட்டினுள் இருந்ததும் வெளியே கிடந்ததும் ஒரே எண்ணாகவே வெளிப்படும்.

இரண்டாம் சாட்சி எக்ஸ் கதிர் விளிம்பு விளைவு. படிக அடுக்குகளில் மோதித் திரும்பும் எக்ஸ் கதிர்கள் குறிப்பிட்ட கோணங்களில் முகடுகளாகப் பதிவாகின்றன. செப்புக் கதிர்மூலத்தைப் பயன்படுத்தினால் ஹைட்ராக்சி அபடைட்டின் முகடுகள் 25.9, 31.8, 32.2, 32.9 பாகைகளில் தோன்றும். எஞ்சிய சுண்ணாம்பு 37.4 பாகையிலும், டிரைகால்சியம் பாஸ்பேட் 31.0 பாகையிலும் தம்மைக் காட்டிக்கொடுக்கும். பெரிய அயனி அமர்ந்தால் கூடு விரிந்து முகடுகள் சிறிய கோணம் நோக்கி நகரும். சிறிய அயனி அமர்ந்தால் எதிர்த்திசையில் நகரும்.

இந்நகர்வு எவ்வளவு என்பதைக் கணக்கிட்டுப் பார்த்தல் தகும். முழுமையாக ஸ்ட்ரான்சியத்தால் ஆன அபடைட்டின் கூட்டு உயரம் ஏறத்தாழ 7.28 ஆங்ஸ்ட்ராம். 6.88க்கும் 7.28க்கும் இடையே சீரான வளர்ச்சி எனக் கொண்டால், 5 விழுக்காட்டுப் பதிலீட்டில் உயரம் 6.90 ஆகும். 25.88 பாகையிலுள்ள முகடு 25.80க்கு நகரும். வேறுபாடு ஒரு பாகையின் நூற்றில் 8 பங்கு மட்டுமே. ஏறத்தாழ 200 மில்லிமீட்டர் ஆரமுடைய கருவியில், தூளை நிரப்பும்போது அதன் மேற்பரப்பு மில்லிமீட்டரில் பத்தில் ஒரு பங்கு தாழ்ந்துவிட்டாலே முகடு நூற்றில் 5 அல்லது 6 பங்கு சிறிய கோணம் நோக்கி நகர்ந்துவிடும். அதாவது, தூளைச் சற்றே அழுத்தி நிரப்பியவர் பதிலீட்டைக் கண்டுபிடித்துவிட்டதாக எண்ணக்கூடும். பெயர்க்கேற்ப அபடைட் ஏமாற்றும் இடம் இதுவே.

இதனைத் தவிர்க்க இரு வழிகள் உண்டு. கூட்டளவு நன்கறியப்பட்ட சிலிக்கன் தூளைச் சிறிதளவு உடன்கலந்து அளவுகோலாகக் கொள்வது ஒன்று. ஒரு முகட்டை மட்டும் பாராமல் எல்லா முகடுகளையும் ஒருங்கே கணித்துக் கூட்டளவைப் பெறுவது மற்றொன்று. ரீட்வெல்ட் என்னும் டச்சு அறிஞர் 1960களின் இறுதியில் வகுத்த முறை இதற்கு உதவுகிறது. ஆயினும் ஒரு விழுக்காட்டுக்கும் குறைவான கலப்பையும் ஒழுங்கற்ற வடிவிலுள்ள கலப்பையும் எக்ஸ் கதிர் காணாமல் விட்டுவிடலாம்.

மூன்றாம் சாட்சி அகச்சிவப்பு நிறமாலை. ஒவ்வொரு அயனிக் கூட்டமும் தனக்குரிய அதிர்வெண்ணில் அதிரும். பாஸ்பேட் 1030 முதல் 1090 வரையிலும், 560 முதல் 600 வரையிலும், ஹைட்ராக்சில் 3570, 630 ஆகிய அலையெண்களிலும் பட்டைகளைத் தரும். கார்பனேட் பாஸ்பேட்டின் இடத்தில் அமர்ந்தால் 1410 முதல் 1450 வரையிலும் 873 அருகிலும் பட்டைகள் தோன்றும். ஹைட்ராக்சிலின் இடத்தில் அமர்ந்தால் 1545 அருகில் தோன்றும். சிலிக்கேட் அமர்ந்த தூளில் ஹைட்ராக்சில் பட்டை மெலிவது, முன்னர்க் கூறிய கெடுதலுக்குச் சான்று.

இம்மூன்றும் ஒருமித்துச் சொன்னால் நம்பலாம். இவற்றோடு சுட்டுப் பார்த்தலும் ஒரு சோதனை. கணக்குச் சரியாக அமைந்து ஸ்ட்ரான்சியம் கால்சியத்தின் இடத்திலேயே அமர்ந்திருந்தால், 1000 பாகையில் சுட்ட பின்னும் தூள் ஒரே சேர்மமாக நிற்கும். அமரவில்லையெனில் வேறு சேர்மங்களின் முகடுகள் தலைகாட்டும்.

எனினும் பதிலீடு உறுதியானது என்பதால் மருத்துவப் பயனும் உறுதியாகிவிடாது. இளம் எலும்பு தாதுவேறும் இடங்களில் சிலிக்கன் செறிந்திருப்பதை எடித் கார்லைல் 1970இல் வெளியிட்டார். அதன் தொடர்ச்சியாகச் சிலிக்கேட் பதிலீடு செய்த அபடைட் இலண்டனில் உருவாக்கப்பட்டு வணிகப் பொருளாகவும் விற்பனைக்கு வந்தது. அது நன்கு செயற்பட்டது. ஆனால் அந்நற்பயன் வெளிவரும் சிலிக்கனால்தான் என்பதற்குப் போதிய சான்று இல்லை, துளையமைப்போ மேற்பரப்போ காரணமாகலாம் என மார்க் போனர் 2009இல் எழுதிய திறனாய்வு எடுத்துக்காட்டியது. இருப்பதை மெய்ப்பித்தல் ஒன்று. அதுவே காரணம் என மெய்ப்பித்தல் மற்றொன்று.

6. தமிழ்நிலத்து ஆய்வுகள்

இத்துறையில் தமிழகத்தின் பங்களிப்பு குறிப்பிடத்தக்கது. பவளத்தை வெப்பநீர் அழுத்தத்தில் அபடைட்டாக மாற்றலாம் என 1974இல் அமெரிக்காவில் ராய், லினஹன் ஆகியோர் காட்டினர். இந்தியப் பவளத்திலிருந்து ஹைட்ராக்சி அபடைட் ஆக்கும் ஆய்வைச் சென்னையில் சிவகுமார், சம்பத்குமார் முதலியோர் 1996இல் வெளியிட்டனர். மெக்னீசியம் பதிலீடு செய்த கால்சியம் பாஸ்பேட் தூள்களை எஸ். கண்ணன் போர்ச்சுகல் நாட்டு ஆய்வாளர்களோடு இணைந்து 2005இல் ஆராய்ந்தார். பின்னர் அவர் புதுச்சேரிப் பல்கலைக்கழகத்தில் இப்பணியைத் தொடர்ந்தார். சேலம் பெரியார் பல்கலைக்கழகத்தில் கோபியும் அவர்தம் குழுவினரும் ஸ்ட்ரான்சியம், மெக்னீசியம், துத்தநாகம் முதலிய பல தாதுக்கள் ஒருங்கே அமர்ந்த அபடைட்டை உலோகப் பொருத்துகளின் மேற்பூச்சாக ஆராய்ந்துள்ளனர். மலேசியாவில் ‘கிரானுமாஸ்’ என்னும் மணித்தூள் வடிவ எலும்பு நிரப்பி உள்நாட்டு ஆய்வாளர்களால் உருவாக்கப்பட்டு, 2000களில் முயல்களின் எலும்பில் சோதிக்கப்பட்டது.

இவ்வாய்வாளர்களுள் பலர் தமிழைத் தாய்மொழியாகக் கொண்டோர். ஆயின் அவர்தம் ஆய்வுகள் ஆங்கிலத்திலேயே வெளிவந்துள்ளன. சுடுதல், நீற்றுதல், வடித்தல், முதிரவிடுதல், திரிதல் எனச் செய்முறைக்கு வேண்டிய வினைச்சொற்கள் அனைத்தும் நம் மொழியில் ஏற்கெனவே வழக்கில் உள்ளன. கருவிகளுக்கும் சேர்மங்களுக்கும் உலகப் பெயர்களை அப்படியே ஏற்றுக்கொண்டு, செயல்களைத் தமிழால் சொன்னால் அறிவியல் தமிழ் இயல்பாகவே அமைகிறது.

7. நோயாளி கேட்கவேண்டிய வினா

தோட்டப்புற முதியவர் ஒருவர் இடுப்பெலும்பு முறிந்து கிள்ளானுக்கோ சுங்கை பூலோவுக்கோ அனுப்பப்படும்போது, எலும்பு நிரப்பி தேவைப்படலாம். அது அவருடைய உடலின் வேறிடத்து எலும்பாக இருக்கலாம், கொடையாளர் எலும்பாகலாம், மாட்டெலும்பிலிருந்து ஆக்கப்பட்டதாகலாம், செயற்கைத் தூளாகலாம். மாட்டெலும்பு வழிப் பொருள்கள் உலகெங்கும், குறிப்பாகப் பல் மருத்துவத்தில், பரவலாகப் பயன்படுகின்றன. பசுவைப் போற்றும் இந்துக் குடும்பங்களுக்கும், பன்றிவழிப் பொருளைத் தவிர்க்கும் இசுலாமியக் குடும்பங்களுக்கும் மூலப்பொருள் எது என்பது சிறிய வினா அன்று. அவ்வினாவை எழுப்ப அவர்களுக்கு உரிமை உண்டு. எழுப்புவதற்குரிய சொற்களும் வேண்டும். சிப்பி ஓட்டிலிருந்து ஆக்கிய தூளில் 900 பாகை வெப்பத்திற்குப் பின் உயிர்ப்பொருள் எஞ்சுவதில்லை. ஆயினும் அதன் தோற்றுவாய் ஓர் உயிரினமே என்பதைப் புலால் மறுப்போர்க்குச் சொல்லிவிடுதல் நேர்மையாகும்.

மற்றொன்றும் கருதத்தக்கது. கெராங், ஆற்றுமுகத்துச் சேற்றில் வாழ்வது. ஆறு கொண்டுவரும் கன உலோகங்கள் அதன் உடலிலும் ஓட்டிலும் சேரக்கூடும். எலும்பில் பொருத்தும் ஹைட்ராக்சி அபடைட்டில் 1 கிலோவுக்கு ஆர்சனிக் 3 மில்லிகிராம், கேட்மியம் 5, பாதரசம் 5, ஈயம் 30 ஆகியவற்றைத் தாண்டலாகாது என எஃப் 1185 என்னும் அமெரிக்கத் தரநிலை வரையறுக்கிறது. விரும்பிய தாதுவை அமர்த்தும் அதே கூடு, விரும்பாத ஈயத்தையும் கேட்மியத்தையும் ஏற்கவல்லது. ஆதலின் ஒவ்வொரு குவியலையும் தனித்தனியே சோதித்தல் இன்றியமையாதது. மேலும், 2010க்குப் பிறகு மலேசியாவின் கெராங் விளைச்சல் பெரிதும் குறைந்துள்ளது. ‘வீணாகும் ஓடு வரம்பின்றிக் கிடைக்கிறது’ என்னும் கூற்று இன்று அப்படியே பொருந்தாது.

முடிவுரை

கழிவிலிருந்து எலும்பு என்னும் தலைப்பு மாணவர்களைக் கவரக்கூடியது. பள்ளிகளின் அறிவியல் விழாக்களில் ஓடுகளைக் கொண்டு படைப்புகள் அமைக்க ஆசிரியர்கள் வழிகாட்டலாம். உலை தேவைப்படும் பகுதியைப் பள்ளியில் செய்தல் ஆகாது. சுட்ட சுண்ணாம்பு கண்ணில் பட்டால் பார்வைக்கே கேடு. ஆனால் எடையிட்ட ஓட்டைப் புளிக்காடியில் இட்டு, குமிழி எழுவதைக் கண்டு, எஞ்சியதை உலர்த்தி மீண்டும் எடையிட்டுக் கணக்கிடுவது நான்காம் ஐந்தாம் ஆண்டு மாணவர்க்கும் இயலும்.

அவ்வேளையில் ஆசிரியர் கேட்கவேண்டிய வினா ஒன்று உண்டு: ‘நீ சேர்த்தாயா, அது சேர்ந்ததா?’ தன்வினை, பிறவினை வேறுபாட்டை இலக்கண வகுப்பில் கற்கும் மாணவன், அறிவியல் வகுப்பிலும் அதனையே கற்கிறான். சேர்த்தது நம் செயல். அதனை நம் குறிப்பேடு சொல்லும். சேர்ந்தது பொருளின் செயல். அதனைச் சாட்சிகளே சொல்லவேண்டும். இவ்விரண்டையும் பிரித்தறியாத ஆய்வு நோயாளியின் எலும்பை எட்டும்போது, அதன் விலையைக் கொடுப்பவர் ஆய்வாளர் அல்லர். ஆகவே இவ்வேறுபாட்டைத் தாய்மொழியில், இளமையிலேயே உணர்த்துவது தமிழாசிரியர் ஏற்கத்தக்க பணியாகும்.